நாணிறக்கியதும் திரும்பும் வில்

வில் செய்யப் படிக்க ஒரு ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். இருளாயி கையிலிருந்த உளியை வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தாள். வந்தவனுக்கு மீசை நரைத்திருந்தது. புருவத்துக்கு மேலே பழைய வெட்டுத் தழும்பு. மூட்டை முடிச்சு எதுவும் இல்லை.

யாருக்கு வில் என்று கேட்டாள். தனக்குத்தான் என்றான். செய்து வைத்தது நிறையக் கிடக்கிறது, ஒன்றை வாங்கிக்கொண்டு போகலாமே என்றாள்.

"வாங்கின வில்லுதான் தாயி என்னைக் கவுத்துச்சு."

"எங்க பட்டறையிலயா வாங்கினீங்க?"

"இல்லை. எதிர்க்கரையில."

"அப்ப உள்ள வாங்க."

மூங்கில்துறை ஆற்றங்கரை ஊர். தெரு முழுக்க வில் பட்டறைகள். வேட்டைக்காரர்கள், காவல்காரர்கள், கோட்டை வீரர்கள் எல்லாரும் அங்கேதான் வில் வாங்குவார்கள். அந்தத் தெருவில் இருளாயிக்கு மிஞ்சிய கை இல்லை. முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். ஆனாலும் தலை நரைத்தவர்களெல்லாம் தாங்கள் செய்த வில்லைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வருவார்கள். அவள் அதை ஒரு விரல்மேல் நிறுத்திப் பார்த்துவிட்டு, நோய் எந்த இடத்தில் என்று சொல்லுவாள்.

வந்தவன் பெயர் பெத்தணன். மலைச்சரிவில் இருக்கும் மேல்கரடு அவன் ஊர். பெயரைச் சொன்னால் அவள் நிமிர்ந்து பார்ப்பாள் என்று எதிர்பார்த்தான். ஒரு காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் கோட்டையில் கதவைச் சாத்துவார்கள். அவளோ, தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டாள்.

எதற்காக வில் என்பதை அவன் சொன்னான்.

மேல்கரட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோட்டையில் புதுத் துரை பட்டமேறும்போது, அந்த ஊர்க்காரன் ஒருவன் எல்லைப்பாறையில் நின்று சரிவைப் பார்த்து ஒரே ஒரு அம்பு எய்ய வேண்டும். அம்பு விழுந்த இடம்வரை நிலம் ஊருக்கு. அந்தத் துரை சாகும்வரை அதற்குத் தீர்வை கிடையாது. கேட்பதற்குத் தர்மம்போல இருக்கும். கோட்டைக்காரர்கள் செய்கிற எதுவும் கேட்பதற்குத் தர்மம்போலத்தான் இருக்கும்.

உள்ளே ஒரு சங்கதி இருந்தது. எய்யப்போகிற வில்லை விடியும்போதே நாணேற்றி மேடையில் நிறுத்திவிட வேண்டும். அதற்குச் சந்தனம், மாலை, மேளம். வில்லுக்குச் செய்கிற மரியாதையாம். துரை எழுந்து, குளித்து, சாப்பிட்டு, பல்லக்கேறி வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை வில் வெயிலில் வளைந்தபடியே நிற்கும். நாளெல்லாம் வளைந்து நின்றது மாலையில் வளைந்தே போய்விடும். அம்பு பாதி வழியில் விழும். வில்லை யாரும் தொடவில்லை, கெடுக்கவில்லை. மாலை போட்டே அதன் பலத்தை உருவிவிடுவார்கள்.

போன தடவை எய்தவன் பெத்தணன். அப்போது அவனுக்கு இளம் வயது. நல்ல வில், நல்ல கை. அம்பு ஊற்றுக்கு இப்பால் விழுந்தது. ஒரு ஆடு படுத்தால் மறைக்கிற தூரம்தான். அந்தத் தூரத்தில் ஊற்று கோட்டைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து மேல்கரட்டுப் பெண்கள் குடம் தண்ணீருக்காகக் கோட்டை வயலில் களை பறித்தார்கள்.

பெத்தணன் பொறுக்கவில்லை. ஊரைத் திரட்டினான். எல்லைக் கல்லைப் பிடுங்கிப் பள்ளத்தில் உருட்டினான். கோட்டை ஆட்கள் இறங்கி வந்தபோது எல்லாருக்கும் முன்னால் போய் நின்றான். முதல் வெட்டு அவன் புருவத்தில்தான் விழுந்தது. பாதி ஆயுள் சிறையில் போயிற்று. திரும்பி வந்து, மறுபடியும் தெருவில் நின்று கூப்பிட்டான். ஊர் கதவைச் சாத்திக்கொண்டது.

இப்போது கிழட்டுத் துரை படுத்த படுக்கை. அடுத்தவன் காத்திருக்கிறான். இந்தத் தடவை அம்பு ஊற்றைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் இன்னொரு துரையின் ஆயுள் முழுக்க மேல்கரடு தண்ணீருக்குக் களை பறிக்கும்.

இதையெல்லாம் அவன் கூட்டத்தில் பேசுவதுபோலப் பேசினான். பழக்கம் அப்படி. கை ஓங்கியது, குரல் ஏறி இறங்கியது. பட்டறையில் மூங்கில் பிளந்துகொண்டிருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

இருளாயி முடியும்வரை கேட்டாள். பிறகு முற்றத்துக்குப் போனாள். காலையிலிருந்து வெயிலில் நாணோடு நின்றிருந்த ஒரு வில்லை எடுத்துவந்தாள். முழங்காலை அதன் நடுவில் ஊன்றி, நுனியிலிருந்து நாண் சுருக்கைக் கழற்றினாள்.

வில் அசைந்தது. அதுவரை அவளைப் பார்த்து வளைந்திருந்த வில்லின் இரண்டு கைகளும் விரிந்தன. நேராகும், நின்றுவிடும் என்று நினைத்தான். நிற்கவில்லை. நேர்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போயிற்று. தூங்கி எழுந்த புலி முதுகை நெளிப்பதுபோல எதிர்ப்பக்கம் வளைந்து, அங்கே அமைதியாகிவிட்டது.

பெத்தணன் ஓரடி பின்னால் நகர்ந்தான். கோட்டைப் படையைப் பார்த்து நகராத கால் அது. நாளெல்லாம் ஒரு பக்கம் இழுத்துக் கட்டி வைத்திருந்தும், விட்ட மறுகணமே அதற்குத் தன் பக்கம் எது என்று தெரிந்திருந்தது.

"இதைப் படிக்கணும்" என்றான்.

கூலி எதுவும் வேண்டாம் என்றாள் இருளாயி. "பேச்சை மட்டும் வாசல்ல விட்டுட்டு வாங்க அண்ணே."

"விட்டா எவனாவது எடுத்துட்டுப் போயிடுவான்."

"அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம்."

பெண்கள் சிரித்தார்கள். பெத்தணன் சிரிக்கவில்லை.

அந்த வில்லில் இரண்டு பட்டைகள். எதிரியைப் பார்த்து முன்னால் நிற்பது மூங்கில். அதை முதுகு என்பார்கள். எய்கிறவன் பக்கம் இருப்பது மரம். அதை வயிறு என்பார்கள். நாணை இழுத்தால் முதுகு நீளும், வயிறு நசுங்கும். இரண்டும் தனித்தனியே நேரான பட்டைகள். அவற்றை நன்றாக உலர்த்தி, தோல் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தைத் தடவி ஒட்டி, நாண் இழுக்கிற பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாக அச்சுப்பலகையில் வளைத்துக் கயிற்றால் இறுக்கிவிடுவார்கள். பசை காய்ந்து கயிற்றை அவிழ்த்தாலும் அந்த வளைவு நிற்கும். அதுதான் எதிர்வளைவு. அதை மீறி நாணேற்றுவதால்தான் அம்புக்கு அந்த வேகம். எதிர்வளைவு செத்துவிட்டால் வில் வெறும் கோணல் குச்சி.

பெத்தணன் கெட்டியான கல்மூங்கிலாகத் தேடி எடுத்தான். தோல் பக்கத்தைத் தொடாமல் உள்பக்கத்தைச் சீவினான். இன்னும் சீவச் சொன்னாள் இருளாயி. கொஞ்சம் சீவினான். இன்னும் என்றாள்.

"முன்னால நிக்கிறது கெட்டியா இருக்கணும் தாயி. மெலிஞ்சவன் முன்னால நின்னா பின்னால நிக்கிறவன் கதி என்னாகிறது?"

அவள் வாதாடவில்லை. அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

முதல் வில் முடிந்தது. இழுப்பதற்கே நெஞ்சு வலித்தது. ஆற்றங்கரையில் நின்று எய்தான். அம்பு ஆற்றைத் தாண்டி, எதிர்க்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அப்பால் போய் விழுந்தது. அவர்கள் ஏசியது இந்தக் கரைவரை கேட்டது. பெத்தணன் பட்டறைப் பெண்களைத் திரும்பிப் பார்த்தான். பல வருஷங்களுக்குப் பிறகு அவன் மார்பு விரிந்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் நாணேற்றி முற்றத்தில் நிறுத்தினார்கள். வெயில் ஏறியது. மத்தியானம் வில்லுக்கு அருகே போன இருளாயி நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டாள். உள்ளே புளியம்பழ ஓடு உடைவதுபோல மெல்லிய சத்தம்.

"கேக்குதா அண்ணே?"

நாண் முறுக்கு இறுகுகிறது என்றான் அவன்.

மாலையில் நாணை இறக்கினான். வில் அசையவில்லை. நாண் இருந்தபோது எப்படி வளைந்திருந்ததோ, அதில் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. கோட்டை வாசலில் கும்பிட்டுக் கும்பிட்டு நிமிர மறந்தவன் முதுகுபோல இருந்தது.

இருளாயி மஞ்சள் கரைத்த தண்ணீரைத் துணியில் நனைத்து, மரத்தின்மேல் தேய்த்துத் துடைத்தாள். துடைத்த இடத்தில் கோடுகள் தெரிந்தன. மயிரிழைபோல, குறுக்குக் குறுக்காக. அத்தனையும் நசுங்கிய கோடுகள்.

"மரம் சோதா" என்றான் பெத்தணன். அது தடசு மரம். வில்லுக்கென்றே வெட்டுகிற மரம். அதைவிடக் கடினமான ஆச்சா மரத்தைத் தேடிப்போய் வாங்கிவந்தான். மூங்கிலை முன்னைவிடக் கெட்டியாக வைத்தான். அந்த வில்லும் ஆற்றைத் தாண்டியது. அதுவும் வெயிலில் நின்று, மாலையில் நிமிராமல் கிடந்தது. மஞ்சள் தண்ணீர் பட்டதும் முந்தியதைவிட அதிகக் கோடுகள் தெரிந்தன.

அவன் வில்லைத் தூக்கி மூலையில் எறிந்தான்.

"எனக்கு வாய்க்கிறதெல்லாம் இப்படித்தான். நான் நிமிந்து நிப்பேன். எனக்குப் பின்னால இருக்கிறது நொறுங்கிப் போகும்."

இருளாயி மூலைக்குப் போய் வில்லை எடுத்து, தூசி தட்டி, சுவரில் மாட்டினாள்.

மேல்கரட்டிலிருந்து அங்காயி வந்தது அந்தச் சமயத்தில்தான். பெத்தணனுக்கு அவள் முறையில் மருமகள். அவள் புருஷன் காத்தான் ஒரு காலத்தில் பெத்தணன் கூப்பிட்டதும் ஓடிவந்தவன். கோட்டை ஆட்கள் அவன் இரண்டு முழங்காலையும் உடைத்துவிட்டுப் போனார்கள். இப்போது உட்கார்ந்த இடத்தில் கயிறு திரிக்கிறான்.

கிழட்டுத் துரை செத்துப்போனான், பட்டத்துக்கு நாள் குறித்தாயிற்று என்று அங்காயி சொன்னாள். பெத்தணன் எழுந்தே விட்டான். அவள் மடியிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தாள். அதில் ஓரிடத்தில் முடிச்சுப் போட்டிருந்தது.

"இது கூத்தன் கை நீளம். அவன் நாண் இழுத்தா இந்த முடிச்சு வரைக்கும்தான் வரும். வில்லை நீங்க செய்யுங்க மாமா. எய்யிறது கூத்தன். ஊர் பேசி முடிச்சாச்சு."

கூத்தன் ஆடு மேய்க்கிறவன். கட்டையான ஆள். ஊரில் அவன் குரல் எப்படி இருக்கும் என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

"கூத்தனா? கூட்டத்துக்கு வந்தா தூங்குறவன்."

"நீங்க பேசினா யாருதான் தூங்கலை?"

பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பெத்தணன் முகம் கறுத்தது. தன் கையால் போனது தன் கையால்தான் திரும்ப வேண்டும் என்றான். ஊருக்காகச் சிறையில் கிடந்தவன் யார் என்றான். குரல் ஏறிக்கொண்டே போயிற்று.

"முதல் வெட்டு யாரு மேல விழுந்துச்சு? அதைச் சொல்லு."

"உங்க மேலதான். மறக்கலை மாமா" என்றாள் அங்காயி. அவள் குரலில் கோபம் இல்லை. "உடனே உங்களைக் கட்டித் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மிச்சத்தையெல்லாம் யாரு மேல போட்டாங்கன்னு திரும்பி வந்த பிறகும் நீங்க கேக்கவே இல்லையே."

பரிசல்காரன் காத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டு, கயிற்றை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பெத்தணன் கயிற்றைத் தொடவில்லை.

"தாயி, நான் முன்னால நின்னது பொய்யா?"

இருளாயி அடுப்பில் அண்டா வைத்து வெந்நீர் போட்டாள். நீர் கொதித்ததும் சுவரில் மாட்டியிருந்த இரண்டாவது வில்லை எடுத்துவந்தாள். மூங்கிலும் மரமும் ஒட்டியிருந்த இடத்தின் வழியே வெந்நீரை ஊற்றிக்கொண்டே போனாள். வஜ்ஜிரம் இளகி வழிந்தது. கத்தி நுனியை உள்ளே விட்டு மெல்ல நெம்பினாள். ஒரு நுனியில் ஆரம்பித்த பிளவு மறு நுனிவரை போயிற்று.

மூங்கில் கையிலிருந்து துள்ளி நேராக நிமிர்ந்தது. அதன்மேல் ஒரு கீறல் இல்லை. நேற்று வெட்டிய மூங்கில்போலப் பளபளத்தது.

மரம் நிமிரவில்லை. கூனிக் கிடந்தது.

இரண்டையும் அவன் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பெத்தணன் மூங்கிலைத் தடவினான். வழுவழுவென்று இருந்தது. பிறகு மரத்தின்மேல் விரலை வைத்து நகர்த்தினான். ஒவ்வொரு கோடும் விரல் நுனியில் தட்டியது. விரலை எடுக்காமல் கடைசிவரை போனான். மறுபடியும் ஆரம்பத்திலிருந்து வந்தான். காத்தான் ஓடுவதில் கெட்டிக்காரன் என்பது அவனுக்கு ஏனோ அப்போது ஞாபகம் வந்தது.

இருளாயி திரும்பி வந்தபோது, முடிச்சுப் போட்ட கயிறு அவன் மணைக்கு எதிரே ஆணியில் தொங்கியது. அவன் புது மூங்கிலைப் பிளந்துகொண்டிருந்தான்.

"எவ்வளவு சீவணும் தாயி?"

"மூங்கிலைப் பாத்துச் சீவாதீங்க அண்ணே. மரத்தைப் பாத்துச் சீவுங்க."

இடது கையில் தடசுப் பட்டையை எடுத்து வளைத்துப் பார்த்தான். எவ்வளவு இடம் கொடுக்கிறது, எங்கே முனகுகிறது என்று கைக்குத் தெரியும்வரை வளைத்தான். பிறகு வலது கையில் மூங்கிலை வளைத்தான். அது முரண்டியது. சீவினான். மறுபடி மரத்தை வளைத்தான், மறுபடி மூங்கிலை வளைத்தான். சீவல்கள் காலடியில் சுருண்டு விழுந்தன. ஒவ்வொரு சீவலும் தன் முதுகிலிருந்து உரிவதுபோல இருந்தது அவனுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு சீவினான். மூங்கில் பாக்குமட்டைபோல மெலிந்த பிறகுதான் இரண்டு கையும் ஒன்றையே சொன்னது.

பார்க்கப் பயமாக இருந்தது.

"முறிஞ்சுடாதா?"

"முறிஞ்சா ரெண்டும் சேந்து முறியும்" என்றாள் இருளாயி.

ஒட்டினான், அச்சில் கட்டினான், காயவிட்டான். அவிழ்த்ததும் நாணேற்றி, கூத்தனின் முடிச்சு வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துப் பழக்கினான். அதற்கு மேல் ஒரு விரலளவும் இழுக்கவில்லை. முரண்டிய இடத்தில் மட்டும் மரத்தைச் சுரண்டினான். ஒவ்வொரு தடவையும் வில்லின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டான். புளியம்பழ ஓடு உடையும் சத்தம் ஒரு தடவைகூட வரவில்லை.

மூன்றாவது வில்லும் வெயிலில் நின்றது. பெத்தணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. நிழலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மாலையில் முழங்காலை ஊன்றி நாணைக் கழற்றினான். அவன் கைகளுக்குள்ளேயே வில் திரும்பியது. பெரிய மீன் ஒன்று புரண்டதுபோல இருந்தது. விரல்களிலிருந்து தோள்வரை அந்த அசைவு ஏறியது. வில் மறுபக்கம் போய், தன் வளைவில் அடங்கி நின்றது.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். வில்லை மடியில் கிடத்திக்கொண்டான். பட்டறைக்கு வந்ததிலிருந்து அவன் வாயடைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று பெண்கள் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பட்டம் கட்டும் நாள் வந்தது. இருளாயியும் பரிசலேறி மேல்கரட்டுக்குப் போனாள். தான் பார்க்காமல் எந்த வில்லும் சபையேறக் கூடாது என்பது அவள் வழக்கம்.

விடியும்போதே வில்லை நாணேற்றி மேடையில் நிறுத்தினார்கள். சந்தனம் பூசினார்கள், மாலை போட்டார்கள், மேளம் அடித்தார்கள். வெயில் ஏறியது. கோட்டை மணியக்காரர் இளநீர் குடித்துக்கொண்டே அடிக்கடி வந்து வில்லைப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு தடவை நாணைச் சுண்டிப் பார்த்துத் தலையாட்டினார். நோயாளியைப் பார்க்க வந்த பங்காளி தலையாட்டுவதுபோல இருந்தது.

பெத்தணன் கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்றான். இதற்குமுன் அவன் அங்கே நின்றதே இல்லை. அங்கிருந்து பார்த்தால் மேடை தெரியவில்லை. மனிதர்கள் தெரிந்தார்கள். வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்ட பெண்கள். வெறுங்குடத்தைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர். உப்பு மூட்டைபோல யாரோ சுமந்துவந்து கல்லில் உட்காரவைத்திருந்த காத்தான். பெத்தணன் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். காத்தான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

பொழுது சாயும்போது துரையின் பல்லக்கு வந்தது. இளவயதுத் துரை. கொட்டாவி விட்டபடியே கையசைத்தான்.

கூத்தன் வில்லை எடுத்துக்கொண்டு பாறைமேல் ஏறினான். யாரையும் பார்க்கவில்லை. அம்பைத் தொடுத்தான். முடிச்சு எந்த இடமோ அந்த இடம்வரை இழுத்தான். பெத்தணன் கை தானாக முறுக்கேறியது. இன்னும் ஒரு சாண் இழுடா என்று தொண்டைவரை வந்தது. அதை விழுங்கினான். வாழ்நாளில் அவன் விழுங்கிய முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

கூத்தன் விட்டான்.

சத்தம் பெரிதாக இல்லை. காற்று ஒரு தடவை கிழிந்து மூடிக்கொண்டது. அம்பு சரிவின்மேல் தாழ்ந்து போகவில்லை. எழுந்து போயிற்று. சாய்கிற வெயிலில் ஒரு கணம் மின்னியது. ஊற்றங்கரை நாணலைத் தாண்டியது. ஊற்றைத் தாண்டியது. அதற்குக் கீழே கோட்டை வைத்திருந்த வாழைத்தோட்டத்தையும் பாதிக்குமேல் தாண்டி, ஒரு வாழைத் தண்டில் போய்க் குத்தி நின்றது.

மேளக்காரன் கோலை ஓங்கியபடி நின்றான். துரை கொட்டாவியை மூட மறந்தான்.

மணியக்காரர் பாறைக்கு ஓடினார். வில்லில் ஏதோ சூது இருக்கிறது என்று கூத்தன் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். சபை பார்க்கவே நாணைக் கழற்றினார். வில் அவர் கைக்குள் உயிர் வந்ததுபோலத் திரும்பியது. மனிதர் அலறி அதைக் கீழே போட்டுவிட்டு நாலடி தள்ளி நின்றார். அது பாறைமேல் கிடந்தது. சந்தனமும் மாலையுமாக, நாளெல்லாம் கட்டி வைத்தவர்களுக்கு முதுகைக் காட்டி வளைந்து கிடந்தது.

துரை பல்லக்கைத் திருப்பச் சொன்னான். மணியக்காரர் பின்னாலேயே ஓடினார்.

அதற்குப் பிறகுதான் மேல்கரடு அசைந்தது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். முதலில் நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். காத்தானை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்காயி ஊற்றில் இடுப்பளவு இறங்கி, குடம் குடமாகத் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டாள். பிறகு கூத்தன் தலையில் ஊற்றினாள். அவன் ஆடு சிலிர்ப்பதுபோலத் தலையைச் சிலிர்த்தான். அவர்கள் போட்ட சத்தத்தில் மலைப் பறவைகள் கலைந்து எழுந்தன.

பாறைமேல் ஏறிவந்த பெத்தணனும் இருளாயியும் மட்டும் அங்கே இருந்தார்கள். அவனைத் தேடி யாரும் வரவில்லை. அவன் அதைக் கவனிக்கவும் இல்லை. வில்லை எடுத்து மாலையைக் கழற்றினான். மேல்துண்டால் சந்தனத்தைத் துடைத்தான். மரத்தின் பக்கத்தை வெயிலுக்குக் காட்டித் தடவிப் பார்த்தான். ஒரு கோடும் விரலில் தட்டவில்லை. மூங்கிலும் மரமும் சேர்கிற இடத்தில் கண்ணை வைத்துப் பார்த்தான். அந்த வளைவு எங்கே இருக்கிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"தாயி, நானே சீவினேன், நானே ஒட்டினேன். ஆனாலும் தெரியலை. இந்த வளைவைப் பிடிச்சு வச்சிருக்கிறது எது? மூங்கிலா, மரமா?"

இருளாயி வில்லை வாங்கி ஒரு விரல்மேல் நிறுத்தினாள். அது ஆடாமல் நின்றது.

"ரெண்டுமே நிமிரத்தான் பாக்குது அண்ணே" என்றாள். "ஒண்ணை ஒண்ணு விடமாட்டேங்குது."